மஞ்சள் வண்டியின் ராசிக்காரன்

சாலவாக்கம் போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த டிராக்டர் ஒன்று என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தது. ஓட்டியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, எந்தக் கோயிலுக்கு நடக்கறீங்க?" என்று கேட்டார். நான் போட்டிருந்த சட்டை அப்படி. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அடர்ந்த மஞ்சள். அது பாவாடைத் துணியில் தைத்தது என்பதும், வியர்த்தால் சாயம் விடும் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"கோயிலுக்கு இல்லீங்க, சும்மா" என்றேன்.

"வேண்டுதலா?"

"ஆமாங்க. நடக்கல."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஏறிக்கொள் என்றும் சொல்லவில்லை. காலி டிரெய்லர் குதித்துக்கொண்டே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரண்டு நாள் மழை விட்டு வெயில் சுள்ளென்று இருந்தது. ஏரிகளெல்லாம் நிரம்பி, தாழ்வான இடங்களில் தண்ணீர் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அங்கெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். தோளில் ஒரு பை. பையில் ஒரு லுங்கி, பழைய சட்டை ஒன்று, சோப்பு டப்பா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு டூ வீலர் மெக்கானிக் கடையில் நாலைந்து மாதமாக நான் பார்த்துவந்த வேலை அன்று காலை போயிருந்தது. என்ன வேலை என்று கேட்டால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஓர் ஆயில் டிரம்மின் மேல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சூளையில் மண் மிதித்திருக்கிறேன். லாரியில் கிளீனராக ஆந்திரா வரைக்கும் போயிருக்கிறேன். ஒரகடம் பக்கம் கம்பெனியில் கான்டிராக்ட் ஆளாகப் பெட்டி தூக்கினேன், கல்யாண மண்டபத்தில் அண்டா தேய்த்தேன். எங்கேயும் ஒரு வருஷம் நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை, ஒரு நாள் காலையில் எழுந்தால் கால் தானாக ரோட்டைப் பார்க்கும். படுக்கை லாரிக்கு அடியிலோ மண்டபத்து வராந்தாவிலோ அமைந்துவிடும். கதவு இருக்கிற இடத்தில் நான் படுத்ததே குறைவு. அதைப் பெரிய துன்பமாகச் சொல்லவில்லை. கொசு எல்லா இடத்திலும் ஒரே கொசுதான்.

அந்த மெக்கானிக் கடையில் ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கினேன். ஓனர் ஐம்பதை நெருங்கியவர். இளவயதில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் மைதானத்தில் டயர் உருட்டியவர் என்பதால், ஊரில் மற்றவர்கள் கிரிக்கெட் பார்க்கிற நேரத்தில் அவர் கார் பந்தயம் பார்ப்பார். தையற்காரர் ஒருவரையும் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்கும் பெரியவர் ஒருவரையும் அந்தப் பழக்கத்துக்கு இழுத்துவிட்டிருந்தார். போனில் வரும் பந்தயத்தை ஒயர் போட்டுச் சுவர் டிவியில் ஏற்றிவிடுவார்கள். மூவருக்கும் பிடித்தது ஒரு மஞ்சள் வண்டி. அதை ஓட்டுகிறவனுக்கு எந்த நாடு என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு உண்டு, அதனால் "எங்காளு" என்று சொல்லிவிடுவார்கள்.

நான் ஒதுங்கிய அன்று உட்கார வேறு இடமில்லாமல் ஆயில் டிரம்மில் உட்கார்ந்தேன். ஒரு வருஷமாக எதையும் ஜெயிக்காத மஞ்சள் வண்டி அன்றைக்கு ஜெயித்தது. ஓனர் என்னைக் கட்டிப்பிடித்து முதுகெல்லாம் கிரீஸ் ஆக்கிவிட்டார். அடுத்த பந்தயத்தின்போது நான் காஞ்சிபுரத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். மஞ்சள் வண்டி ஒன்பதாவது வந்தது. திரும்பி வந்து டிரம்மில் உட்கார்ந்தேன், ஜெயித்தது. அதோடு என் பெயர் போய்விட்டது. "ராசி, டீ குடிச்சியா?" "ராசி, நாஷ்டா ஆச்சா?" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, கடையின் ஷெட்டில் படுக்கை. பேருக்கு நான் கடை உதவியாள். ஸ்பேனர் எடுக்கச் சொன்னால் எடுத்துக் கொடுப்பேன், அதிலும் பாதி நேரம் தப்பான நம்பர். யாரும் கோபித்ததில்லை.

உண்மையைச் சொன்னால் பந்தயம் எனக்குப் புரிந்ததே இல்லை. எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். யார் முதல், யார் கடைசி என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் கண்ணைக் கட்டும். ஓனர் கை தட்டினால் நானும் தட்டுவேன்.

வருஷம் முழுக்க நாடு நாடாகப் போய் ஓட்டுகிறார்கள். கிடைக்கும் புள்ளிகளைக் கூட்டி வருஷக் கடைசியில் ஒருவனுக்குப் பட்டம். நான் டிரம்மில் உட்கார்ந்த நாளில் எங்காளு ஜெயிக்காவிட்டாலும் இரண்டாவது, மூன்றாவது வந்துவிடுவான். கார்த்திகை பிறந்தபோது மஞ்சள் வண்டிக்கும் நீல வண்டிக்கும் நடுவில் தலைமயிர் அளவுதான் வித்தியாசம் என்றார் தையற்காரர். கணக்கு அவர் பொறுப்பு. கடைசிப் பந்தயத்தில் மஞ்சள் ஜெயித்தால் பட்டம் எங்காளுக்கு. நீலம் ஜெயித்தால் முடிந்தது கதை.

அப்போதுதான் ஓனர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னார். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. கூரை வரைக்கும் பழைய டயர். "பட்டம் மட்டும் வரட்டும், ராசி. டயரெல்லாம் எடுத்துப் போட்டுட்டு ரூம உனக்கே குடுத்துடறேன். இங்கியே இருந்துக்கோ" என்றார். நான் அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். டயர் இடுக்கு வழியாகக் கையை விட்டுத் தடவியபோது கதவின் உள்பக்கம் கொக்கி இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கும் பந்தயத்தில் அக்கறை வந்துவிட்டது. உள்ளேயிருந்து கொக்கி போட்டுவிட்டுத் தூங்குவது எப்படி இருக்கும் என்று ஷெட்டில் படுத்தபடி யோசிப்பேன். நாற்பதை நெருங்குகிற ஆம்பளைக்கு வருகிற ஆசையா இது என்று எனக்கே சிரிப்பாக இருக்கும்.

பந்தயம் உலகத்தின் அந்தப் பக்கத்தில். அங்கே ராத்திரி விளக்கு போட்டு ஓட்டுவது இங்கே நமக்குக் காலையில் வரும். வெள்ளிக்கிழமை ஒத்திகை ஓட்டம், எங்காளுதான் வேகம். தையற்காரர் சந்தோஷத்தில் தன் கடையில் மிஞ்சிய பாவாடைத் துணியில் எனக்குச் சட்டை தைத்துக் கொண்டுவந்து மாட்டினார். பழக்காரப் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "ரெண்டு தபா ஜெயிச்சது பழைய சட்டைல. புதுசு இன்னாத்துக்கு?" என்று முனகினார். சனிக்கிழமை, யார் முன்னால் நிற்பது என்று முடிவு செய்யும் ஓட்டம். எங்காளுக்கு முதல் இடம். ஓனர் அன்று சாயங்காலம் டிவிக்குக் கற்பூரம் சுற்றினார். சுற்றி முடித்ததும் நேரே பின்னால் போய் அறையிலிருந்து டயர்களை வெளியே உருட்ட ஆரம்பித்தார். பாதி டயர் வெளியே வந்ததும் சுவர் தெரிந்தது. சுவரில் யாரோ எப்போதோ அடித்த ஓர் ஆணி இருந்தது. பையை மாட்ட வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தோம். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. ஜெயித்த நாளில் யார் எப்படி இருந்தாரோ அப்படியே இருக்க வேண்டும். ஓனர் காற்றடிக்கும் மெஷினில் சாய்ந்து, ஒரு காலைப் பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு நிற்பார். தையற்காரர் ரிப்பேருக்கு வந்த பைக்கில் பின்பக்கம் திரும்பி உட்காருவார், கழுத்தில் டேப்போடு. பெரியவர் ஷட்டருக்கு வெளியே நின்று குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே வந்தால் ஆகாது. பாவம், அவருக்கு இடுப்பு வலி வேறு. நான் டிரம்மில். எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு விதி. அதைவிட லேசான வேலையை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அதைவிடக் கஷ்டமானதையும் பார்த்ததில்லை. என் காலுக்கு உட்காரத் தெரியாது. கால் மணி நேரத்தில் முட்டி துடிக்க ஆரம்பிக்கும். கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.

பாதிப் பந்தயம் தாண்டியும் மஞ்சள்தான் முன்னால். "இன்னும் ஒரு தபா உள்ள வந்து டயரு மாத்தணும். அது ரெண்டு செகண்டு வேலை. அத்தோட முடிஞ்சுது" என்றார் தையற்காரர்.

அப்போது வெளியே ஒரு லோடு ஆட்டோ நொண்டிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தது விசேஷங்களுக்குப் பிரியாணி செய்து தரும் அம்மா. பின்னால் இரண்டு பெரிய தேக்சா, மூடியைச் சுற்றி மாவு ஒட்டித் துணி கட்டியிருந்தது. பின் சக்கரம் தரையோடு தரையாக இருந்தது.

"யோவ் மெக்கானிக்கு, ஸ்டெப்னி கீது. மாத்திக் குடு, திருப்புலிவனம் போவணும்."

"கட லீவு, எக்கா" என்றார் ஓனர், திரும்பாமலே.

"லீவா? அப்ப உள்ள குந்திக்கினு கீறது யாரு?"

"அர மணி நேரம் பொறு எக்கா. இப்ப நவுர முடியாது."

"ஏன்யா, வாதமா? பன்னெண்டு மணிக்குப் பந்தி. மாப்ள வூட்டுக்காரன் காலைலேந்து மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீறான். சோறு ஆறிப் போச்சின்னா என் மானம் போயிடும்." ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தவர் டிவியைப் பார்த்தார். அதில் வேறு ஏதோ ஒரு வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னாயா இது? இங்க ஒரு டயரு மாத்த ஆளக் காணோம். எவனோ டயரு மாத்தறத டிவில பாத்துக்கினு கீறீங்க."

"உனக்குப் புரியாது எக்கா" என்றார் தையற்காரர். என்னைக் காட்டினார். "இவன் இப்ப எய்ந்தான்னா எங்காளு தோத்துடுவான்."

அந்த அம்மா என்னை முழுசாகப் பார்த்தார். "இவனா? மூஞ்சப் பாத்தா இவன் எய்ந்தே ரொம்ப நாளாவுது போலக் கீது."

வெளியே பெரியவர் சிரித்துவிட்டார்.

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்பதைப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். இரக்கப்பட்டு எழுந்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காற்று உள்பக்கமாக அடித்தது. தேக்சாவின் ஒரு பக்கம் மாவு விட்டு வாசனை வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து, பந்தயம் முடிகிறவரை சாப்பிடக் கூடாது என்று வைத்திருந்தார்கள். முட்டி வேறு துடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பொம்பளை நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்ன பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"டேய்" என்றார் ஓனர். அவர் கால் தொட்டி விளிம்பிலிருந்து இறங்கவில்லை. அவர் நகர்ந்திருந்தால் என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம். நகரக் கூடாது என்பது அவருக்கும் விதி.

ஜாக்கி போட்டுத் தூக்கினேன். நட்டுகளைக் கழற்றினேன். ஒன்று கையிலிருந்து வழுக்கி ஓடிச் சாக்கடையில் விழுந்தது. கையை விட்டுத் துழாவினேன், வாழைத்தோல்தான் வந்தது. அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மெக்கானிக்கு கடைல வேல பாக்கறியா, இல்ல மெக்கானிக்கு கடைல ஒதுங்கிக் கீறியா?" என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டார். "மீதி நட்ட இறுக்கிப் போடு. நான் மெதுவாப் போறேன்."

ஸ்டெப்னியை மாட்டி இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே சத்தம் நின்றது. நான் குந்தியபடியே ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டிப் பார்த்தேன். மஞ்சள் வண்டி டயர் மாற்ற உள்ளே வந்து நின்றிருந்தது. மூன்று சக்கரம் மாறிவிட்டது. நாலாவது சக்கரத்தில் நட்டு சிக்கிக்கொண்டது. மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருவன் என்னைப் போலவே குந்தி உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போயின. நீலமும் போயிற்று.

 அந்த அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அவனுக்கும் சாக்கடைல விழுந்துடுச்சா?" என்றார்.

மஞ்சள் வண்டி கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டது. நீலம் ஜெயித்தது. பட்டம் நீல வண்டிக்காரனுக்கு. அவன் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அழுததைக் காட்டினார்கள். ஓனர் டிவியை அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார். அந்த அம்மா ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார், ஒரு தட்டில் பிரியாணியை அள்ளி டிரம்மின் மேல் வைத்துவிட்டு.

"நான் அப்பவே சொன்னேன், புதுசு போடாதன்னு" என்று பெரியவர் ஆரம்பித்தார். இப்போது உள்ளே வந்திருந்தார். இனிமேல் எங்கே நின்றால் என்ன.

"சட்ட இன்னாயா பண்ணுச்சு?" என்றார் தையற்காரர். "சட்டையா எய்ந்து போச்சு? உள்ள இருந்தவன்தான எய்ந்து போனான்?"

"பாவாடத் துணிய ஆம்பளைக்குப் போட்டா எவன் ஜெயிப்பான்?"

"நீ வெளில நின்னு சிரிச்சியே, அது மட்டும் சரியா? நம்மாளு முன்னால போய்க்கினு இருக்கறப்ப எவனாவது சிரிப்பானா?"

பெரியவர் இடுப்பைத் தடவினார். "இடுப்பு புடிச்சிக்கிச்சி" என்றார், அதுதான் காரணம் என்பதுபோல. தையற்காரர் கழுத்து டேப்பை எடுத்துச் சுருட்டினார், விரித்தார், மறுபடியும் சுருட்டினார். "வருஷக் கணக்குல ரெண்டாவது இடமாவது நிக்கணும். கூட்டிப் பாத்தா நிக்கலாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஓனர் என்னைத் திட்டவில்லை. "ஏன்டா எய்ந்த?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்வதற்குள் மறுபடியும் கேட்டார். பிறகு அவரே, "நட்டு மாட்டிக்கிச்சின்னா நீ இன்னா பண்ணுவ" என்றார். அதற்குப் பிறகு திரும்பவும், "இருந்தாலும் ஏன் எய்ந்த?" என்றார். எழுந்திருக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பானா என்று எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தெரியாது என்பதுதான் இதில் பெரிய பேஜார்.

பிரியாணியை யாரும் தொடவில்லை. ஆறிக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டேன். நான் மெல்லுகிற சத்தம் மட்டும் கடையில் கேட்டது. கறி நன்றாக வெந்திருந்தது என்று இப்போதும் சொல்லுவேன்.

கையைக் கழுவிவிட்டு வந்தபோது ஓனர் பின்பக்கம் போயிருந்தார். சனிக்கிழமை வெளியே உருட்டிய டயர்களைத் திரும்ப உள்ளே உருட்டிக்கொண்டிருந்தார். மேல் வரிசைக்கு அவருக்குக் கை எட்டவில்லை. நான் போய் வாங்கி அடுக்கிக் கொடுத்தேன். எனக்கென்று சொன்ன அறையை நானே டயரால் நிரப்பினேன். அவர் கீழேயிருந்து கொடுக்க, நான் மேலே வைக்க, அந்த நாலைந்து மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். ஆணி மறைந்தது. பிறகு கொக்கியும் மறைந்தது.

கடைசி டயர் உள்ளே போனதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ போவ வேணாம். ஷெட்டுல படுத்துக்கோ. நாளைலேந்து பஞ்சர் ஒட்டக் கத்துக்கோ, ஒயுங்கா வேல பாரு. பந்தயம் இருந்தா மட்டும் அன்னிக்கி எங்கியாவது வெளில போயிடு."

நியாயமான பேச்சு. வேறு யாராக இருந்தாலும் சரி என்றிருப்பான். எனக்குத்தான் இந்த நாலைந்து மாதத்தில் கற்பூரப் புகை தலைக்கு ஏறியிருந்தது. ராசிக்காரனாக உட்கார்ந்திருந்த கடையில் சின்னப் பையன் மாதிரி தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்க மனம் வரவில்லை. ரோஷம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். "இல்லீங்க, ஒரு வேல கீது, போவணும்" என்றேன். எங்கே என்று அவர் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். கேட்கவில்லை. தையற்காரர் மட்டும் வாசலில், "அந்தச் சட்டைய எங்கியும் போட்டுக்கினு சுத்தாத. ஊருக்கே ஆவாது" என்றார். மாற்றிக்கொள்ள நினைத்தேன்; பழைய சட்டை துவைத்து ஈரமாக இருந்தது.

அப்படித்தான் டிராக்டர்காரர் கண்ணில் பட்டேன். சாலவாக்கத்தில் டீ குடித்தேன். திருமுக்கூடல் சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. பஸ் நிற்கும் நிழற்குடையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். மூன்று பக்கம் சுவர் இருந்தது. நாலாவது பக்கம் ரோடு.

காலையில் முகம் கழுவ எழுந்தபோது, பாலத்துக்கு இந்தப் பக்கம் மழையில் அரித்துப் போன ரோட்டோரத்தில் பொக்லைன் ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. ரோட்டில் பாதி அடைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில் இரண்டு பக்கத்து வண்டிகளும் முட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. சூப்பர்வைசர் பையன் ஒருவன் போனில் யாரையோ ஏன் இன்னும் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தான். போனை வைத்தவன் என்னைப் பார்த்தான்.

"யோவ், வேல இல்லாம நிக்கிறியா? கொடி காட்டறியா? பச்ச காட்டினா இந்தப் பக்கம் வுடு, செவப்பு காட்டினா நிறுத்து. அந்தாண்ட ஒருத்தன் கீறான், அவனப் பாத்து மாத்தி மாத்திக் காட்டணும்."

"சரிங்க."

"இதுக்கு முன்னாடி இன்னா வேல பாத்த?"

"குந்திக்கினு இருந்தேன்."

அவன் இரண்டு கொடியை நீட்டினான். "இங்க நிக்கணும்" என்றான்.

இரண்டு கொடியையும் வாங்கிக்கொண்டேன். முதல் வேலையாகப் பச்சையைக் காட்டினேன். அந்தப் பக்கத்து ஆளும் பச்சையைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு பால் வேனும் கரும்பு லாரியும் நடுப்பாதையில் மூக்கோடு மூக்கு வந்து நின்றன. லாரிக்காரர் இறங்கி என்னைப் பார்த்து நடந்து வந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்று பச்சையை இறக்கிச் சிவப்பைத் தூக்கினேன்.